சினிமா, சீரியலுக்கு எழுத ஆசைப்படுபவர்கள் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கையில் ஒரு கதை இருக்கிறது, வெளியே சொன்னால் யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று பயமாகவும் இருக்கிறது என்கிறீர்கள். சென்னையில் சீரியல்களுக்கு வசனம் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயம். 'ஊர் டீச்சர் ஒருத்தி எம்.எல்.ஏ.வை எதிர்த்து நிற்கிறாள்' என்பது வெறும் ஒன்லைன், அதாவது ஒரே வரியில் சொல்லும் கதைக்கரு. அதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018-ல் விஜய் நடித்த 'சர்கார்' படத்தின் கதை தன்னுடையது என்று வருண் ராஜேந்திரன் புகார் செய்த விவகாரம் நினைவிருக்கும். அவர் தன் 'செங்கோல்' கதையை 2007-லேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார். சங்கம் விசாரித்ததும், உயர் நீதிமன்றம் வரை போய்ச் சமரசமானதும் அந்தக் காகிதத்தின் பலத்தில்தான். டீக்கடையில் சொன்ன கதைக்கு டீ மாஸ்டர்தான் சாட்சி.

அதனால் முழுசாக எழுதுங்கள். கதைச் சுருக்கம் அல்ல, காட்சிகள். 'சீன் 12, உள், பகல், ஹால்' என்று தலைப்புப் போட்டு, யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று எழுத வேண்டும். 'அவன் மனம் உடைந்தான்' என்பது கேமராவுக்குத் தெரியாது. ஒரு பயிற்சி சொல்கிறேன்: அண்ணன் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துவிட்டான், தங்கைக்கு அது தெரியும், தெரியும் என்று அவனிடம் சொல்ல மாட்டாள். இருவரும் சாப்பிட உட்காருகிறார்கள். 'பத்திரம்' என்ற சொல்லே வராமல் மூன்று பக்கம் எழுதிப் பாருங்கள்.

சீரியலைக் கேவலமாக நினைக்க வேண்டாம். சினிமாவில் எழுத்தாளர் என்று தனியாக ஒரு வேலை கிடைப்பதே அபூர்வம். பெரும்பாலும் உதவி இயக்குநராகச் சேர்ந்து, இயக்குநரின் கதை டிஸ்கஷனில் உட்கார்ந்துதான் எழுத வேண்டியிருக்கும். சீரியலில் கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் தனித்தனி ஆள். அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம் நிற்கும். அதைத் தினமும் நிரப்ப வேண்டும். மாமியாராக நடிப்பவர் இன்று வேறு ஷூட்டிங்கில் இருக்கிறார் என்று காலையில் போன் வரும். அவர் இல்லாமல், அதே ஹால் செட்டிலேயே, கதையும் நகர்கிற மாதிரி மாற்றித்தர வேண்டும். நடிகர்களில் பலருக்குத் தாய்மொழி தமிழ் இல்லை. பக்கத்தில் ஒருவர் வசனத்தைச் சொல்லச் சொல்ல, அந்த பிராம்ப்டிங்கைக் கேட்டுத்தான் பேசுவார்கள். நீளமான வாக்கியம் எழுதினால் பாதியிலேயே உடையும். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. வியாழக்கிழமை ரேட்டிங் வந்ததும் நீங்கள் ஆசையாக வளர்த்த டிராக்கை, அதாவது கிளைக்கதையை, நிறுத்தச் சொல்வார்கள். சரி என்று அடுத்த சீனுக்குப் போக வேண்டியதுதான்.

சினிமாதான் வேண்டும் என்றால் கதை சொல்லப் பழகுங்கள். இங்கே ஹீரோவும் தயாரிப்பாளரும் ஸ்கிரிப்டைப் படிப்பதை விட நேரில் கேட்பதுதான் அதிகம். பத்து நிமிடத்தில் ஒரு முறை, இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை என இரண்டு விதமாகவும் சொல்ல வர வேண்டும். குறும்படம் எடுத்துக் காட்டுவது இன்னொரு வழி. இயக்குநர்கள் கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி எல்லாம் கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டியிலிருந்து வந்தவர்கள்.

அப்புறம், பார்க்கிற வேலையை இப்போதே விட்டுவிடாதீர்கள். எபிசோடுக்கு எவ்வளவு, டைட்டிலில் பெயர் வருமா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'முதல் படம்தானே தம்பி, சும்மா எழுதிக் கொடு, அடுத்ததில் பார்த்துக்கலாம்' என்பவரிடம் ஒரு சீன் கொடுக்கலாம், மாதிரிக்கு. முழு ஸ்கிரிப்ட்டுக்கு அட்வான்ஸ் கேளுங்கள்.