சாவி உங்களிடம், பெயர் அவரிடம்: டோக்கியோவில் பழைய பைக் வாங்கலாமா?

கேள்வி: சென்னையிலிருந்து வேலை நிமித்தம் டோக்கியோ வந்து ஒன்பது மாதங்கள் ஆகின்றன, நிஷி கசாயில் குடியிருக்கிறேன். கவாசாகியில் வசிக்கும் என் அலுவலக நண்பர் அடுத்த மாதம் நிரந்தரமாக இந்தியா திரும்புகிறார். தன்னுடைய ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர் பைக்கை எனக்கே நல்ல விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். "இப்போது சாவியை வாங்கிக்கொள், பெயர் மாற்றத்துக்கான காகிதங்களை ஊருக்குப் போய் அனுப்புகிறேன்" என்பது அவர் யோசனை. என்னிடம் கியர் உள்ள இருசக்கர வாகனத்துக்கான இந்திய உரிமமும், புறப்படும் முன் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இருக்கின்றன. பொங்கலுக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்ததால் அந்த அனுமதி இன்னும் ஓராண்டுக்குச் செல்லும் என்கிறார்கள். கட்டாயக் காப்பீடும் வண்டியோடு வருகிறதாம். வாங்கலாமா?
(பெயர் வேண்டாம், டோக்கியோ)

பதில்: வாங்கலாம். ஜப்பானில் வெளிநாட்டவர் தம் பெயரில் வண்டி வைத்துக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. நீண்டகாலத் தங்கலுக்கான ரெசிடென்ஸ் கார்டும், வார்டு அலுவலகம் தரும் ஜூமின்ஹியோ எனப்படும் வசிப்பிடச் சான்றும் உங்களிடம் இருந்தாலே போதும். ஆனால் உங்கள் நண்பர் சொல்லும் வழியில் வாங்க வேண்டாம். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தும் அந்த யோசனையால் அவருக்கும் தொல்லை, உங்களுக்கும் தொல்லை.

முதலில் உங்கள் அனுமதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1949 ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் இந்தியாவில் வழங்கப்படும் சர்வதேச அனுமதியை ஜப்பான் ஏற்கிறது. அதில் இருசக்கர வாகனத்துக்குரிய 'ஏ' பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். அந்த அனுமதி ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் ஓராண்டு செல்லும். அதற்கு முன்பே அனுமதியின் சொந்தக் காலம் முடிந்தால் அத்தோடு சரி. ஜப்பானில் வசிப்பவராகப் பதிவு செய்தவர் வெளியே போய் மூன்று மாதத்துக்குள் திரும்பினால், அந்த வருகை புதிதாக இறங்கியதாகக் கணக்கில் வராது. ஆகவே பொங்கல் பயணம் உங்களுக்கு ஒரு நாளைக்கூடக் கூட்டித் தரவில்லை. இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. அதற்குப் பிறகு ஓட்டினால் உரிமமின்றி ஓட்டிய குற்றம். மூன்றாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம் என்பது சட்டம். விசா புதுப்பிப்பின்போது அது எப்படிப் பார்க்கப்படும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எனவே இந்திய உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்றும் வேலையை இப்போதே தொடங்குங்கள். உரிமம் பெற்ற பிறகு மொத்தம் மூன்று மாதமாவது இந்தியாவில் இருந்திருக்க வேண்டும்; அதற்குக் கடவுச்சீட்டு முத்திரைகளே சாட்சி என்பதால் பழைய கடவுச்சீட்டு இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். ஜாஃப் என்ற ஜப்பான் வாகனச் சங்கம் செய்து தரும் மொழிபெயர்ப்பும் வேண்டும். 2025 அக்டோபர் முதல் விதிகள் இறுகிவிட்டன. முன்பு பத்துக் கேள்விகளில் ஏழுக்குச் சரியாக விடையளித்தால் போதும் என்றிருந்த எழுத்துத் தேர்வில் இப்போது ஐம்பது கேள்விகள்; அவற்றில் 45 சரியாக இருக்க வேண்டும். இந்திய உரிமக்காரர்களுக்கு ஓட்டுத் தேர்வும் உண்டு. காருக்கும் பைக்குக்கும் அது தனித்தனி. பைக் தேர்வில் நம்மவர்களைக் கவிழ்ப்பது வேகம் அன்று, மெதுவு. 30 சென்டிமீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் உள்ள மேடைப் பலகை ஒன்றின் மீது வண்டியைச் செலுத்த வேண்டும். 400 சிசி வரையிலான வகைக்கு ஏழு விநாடிக்குக் குறையாமல் அதை மெதுவாகக் கடக்க வேண்டும். அண்ணா சாலை நெரிசலில் பத்தாண்டு ஓட்டியவரும் இதில் சக்கரத்தை நழுவவிடுவார். ஓட்டுநர் பள்ளியில் ஓரிரு மணி நேரம் காசு கொடுத்துப் பழகிவிட்டுப் போவது நல்லது.

இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். இந்திய உரிமத்தில் 'எஸ். குமார்' என்றும், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்தும், ரெசிடென்ஸ் கார்டில் அதுவே பெரிய எழுத்துகளில் வேறு வரிசையிலும் இருப்பது நமக்கு இயல்பாகத் தோன்றும். கவுன்டரில் இருப்பவருக்கு அவர்கள் இரண்டு பேர். உரிமத்தில் உள்ள பெயர் கடவுச்சீட்டோடு பொருந்தவில்லை என்றால், மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும் முன் ஊரில் உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மூலம் திருத்திக்கொள்ளுங்கள். வண்டியின் காகிதங்கள், காப்பீடு, பார்க்கிங் ஒப்பந்தம் எல்லாவற்றிலும் ஜூமின்ஹியோவில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள்.

இனி வண்டி. ஜப்பானில் எந்த அலுவலகத்துக்கு, எத்தனை காகிதத்தோடு போக வேண்டும் என்பதை சிசி தான் முடிவு செய்கிறது. 125 வரை உள்ள வண்டிகளை வார்டு அலுவலகத்திலேயே பதிந்துவிடலாம். ஆனால் அவற்றை எக்ஸ்பிரஸ்வேயில் ஏற்ற முடியாது. 126 முதல் 250 வரை உள்ளவை போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும். ஷாக்கென் எனப்படும் கட்டாயப் பரிசோதனை அவற்றுக்கு இல்லை. 250-ஐத் தாண்டினால் ஷாக்கென் உண்டு: புது வண்டிக்கு முதல் மூன்று ஆண்டு கழித்தும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும். உங்கள் நண்பரின் வண்டி இந்தக் கடைசி வகை. பரிசோதனைக் கட்டணம், எடை வரி, இரண்டாண்டுக் கட்டாயக் காப்பீடு எல்லாம் சேர்ந்து சட்டப்படி ஆவது சுமார் 15,000 யென்தான் என்றாலும், கடையில் கொடுத்தால் கூலியும் உதிரிப் பாகங்களும் சேர்ந்து அது வேகமாக ஏறும். 2022-இல் தயாரிப்பு நின்றுபோன மாடல் என்பதால் சிபி400-க்கு ரசிகர்கள் அதிகம். சைலன்சரை மாற்றிவைத்தவர்களும் அதிகம். மாற்றிய சைலன்சர் சத்த அளவில் தேறாவிட்டால் ஷாக்கென் கிடைக்காது. அசல் சைலன்சர் நண்பரின் வீட்டு அலமாரியில் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள்.

விலையைவிட முக்கியமாக நீங்கள் பார்க்க வேண்டியது பரிசோதனைச் சான்றிதழை. 2023 ஜனவரி முதல் இது சிப் பொருத்திய சிறிய ஏ6 அளவுத் தாளாக மாறிவிட்டது. பெயர்களில் அதில் அச்சாகியிருப்பது பயன்படுத்துபவரின் பெயர் மட்டுமே. உரிமையாளர் யார், ஷாக்கென் எதுவரை என்பவை சிப்புக்குள் இருக்கின்றன. நண்பர் வண்டியைத் தவணையில் வாங்கியிருந்தால், தாளில் அவர் பெயர் இருக்கும், சிப்பில் உரிமையாளராகக் கடன் நிறுவனமோ கடையோ இருக்கும். கடனை அடைத்து, உரிமையை விடுவிக்கும் காகிதத்தை அவர்களிடமிருந்து வாங்காதவரை அவரால் வண்டியை உங்களுக்கு மாற்றித் தர இயலாது. சான்றிதழோடு தரப்படும் 'பதிவு விவரங்கள்' தாளைக் கேளுங்கள். இல்லையென்றால் போக்குவரத்து அமைச்சகத்தின் செயலி மூலம் சிப்பைக் கைப்பேசியில் படித்துப் பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். கூடவே, சிப்பில் உள்ள முகவரியும் நண்பரின் இப்போதைய முகவரியும் ஒன்றுதானா என்று பாருங்கள். இடையில் வீடு மாறியிருந்தால் இரண்டையும் இணைக்கும் சான்று கேட்கப்படலாம்; அதை அவர் ஜப்பானில் இருக்கும்போது வாங்குவது எளிது, இந்தியாவிலிருந்து வாங்குவது பெரும்பாடு.

பெயர் மாற்றத்தைப் பதினைந்து நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது விதி. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்றால், ஏப்ரல் 1 அன்று பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே அந்த ஆண்டு வரி முழுவதும் வரும். 250-க்கு மேற்பட்ட வண்டிக்கு அது 6,000 யென், பாதியில் விற்றாலும் திரும்பக் கிடைக்காது. வரியாவது சிறு தொகை. நீங்கள் தவறாக நிறுத்திய வண்டிக்கான நோட்டீஸ் நாட்டிலேயே இல்லாத ஒருவருக்குப் போகும். விபத்து நேர்ந்தால் வண்டிக்காரர் யார் என்பதே முதல் கேள்வியாகிவிடும்.

வண்டியோடு வரும் ஜிபாய்செகி என்ற கட்டாயக் காப்பீட்டை நம்பிச் சாலையில் இறங்காதீர்கள். அது எதிராளியின் உடலுக்கு மட்டும் ஈடு தரும்: உயிரிழப்புக்கு மூன்று கோடி யென் வரை, காயத்துக்கு 12 லட்சம் யென் வரை. நீங்கள் இடித்த காருக்கோ கடைக் கண்ணாடிக்கோ உங்கள் சொந்தக் கைகாலுக்கோ ஒரு யென்னும் வராது. உயிருக்கும் பொருளுக்கும் வரம்பில்லாத ஈடு தரும் தன்விருப்பக் காப்பீட்டைத் தனியே எடுத்த பிறகுதான் முதல் நாள் ஓட்ட வேண்டும். கட்டாயக் காப்பீட்டின் பெயரையும் அந்த நிறுவனத்திடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

கார் வாங்குவதற்குக் கேட்கும் பார்க்கிங் சான்றை பைக்குக்குக் கேட்பதில்லை. அதனால் இடம் தேவையில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நிஷி கசாய் அடுக்ககங்கள் பலவற்றில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பைக்கை விடமாட்டார்கள். மாத வாடகை இடம் பிடித்துவிட்டுப் பணம் கொடுங்கள். பைக்கில் வேலைக்கு வருவதை உங்கள் நிறுவனம் அனுமதிக்கிறதா என்றும் கேளுங்கள்; பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

என்னைக் கேட்டால், விசா ஓராண்டு ஓராண்டாகப் புதுப்பிக்கப்படும் நிலையில் இருப்பவருக்கு 250 சிசி வண்டியே தோதானது. ஷாக்கென் இல்லை, விற்பதும் எளிது, எக்ஸ்பிரஸ்வேயிலும் போகலாம். மூன்றாண்டு, ஐந்தாண்டு விசா இருந்து, சிபி400 மீதுதான் ஆசை என்றால் நண்பரின் வண்டியை மறுக்கக் காரணமில்லை. வண்டியைத் தம் பெயரில் பதிய ஓட்டுநர் உரிமம் வேண்டியதில்லை என்பதால், நீங்கள் தேர்வில் தேறும்வரை அவர் காத்திருக்க வேண்டியதும் இல்லை. அவர் புறப்படும் முன் ஒரு வேலைநாளில் (சனி ஞாயிறு அலுவலகம் இல்லை) வண்டியை அவரே ஓட்டி வந்து உங்கள் பார்க்கிங்கில் விடட்டும். பைக்கின் எண் பலகைக்குக் காரைப் போல முத்திரை கிடையாது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றச் சான்று, பரிசோதனைச் சான்றிதழ், கட்டாயக் காப்பீட்டுத் தாள், உங்கள் ஜூமின்ஹியோ ஆகியவற்றோடு இருவரும் அடாச்சி போக்குவரத்து அலுவலகத்துக்குச் செல்லுங்கள். நிஷி கசாய் இருக்கும் எடோகாவா வார்டு அதன் எல்லைக்குள்தான் வருகிறது. கவாசாகியில் பதிந்த பழைய எண் பலகையைக் கொடுத்துவிட்டுச் சில நூறு யென்னுக்குப் புதுப் பலகை வாங்கலாம். உங்கள் பெயர் ஏறிய சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, மீதிப் பணத்தை அங்கேயே கொடுத்துவிடுங்கள்.