க்ளூகே: பூனையும் மதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹிட்லரைக் கொல்ல 1944 ஜூலை 20 அன்று நடந்த முயற்சியைப் பற்றி எழுதியபோது, ஜெர்மன் ஃபீல்ட் மார்ஷல் க்ளூகேயை 'மதில்மேல் பூனை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். ஒரு மாதத்தில் அவரும் சயனைடு தின்றுதானே செத்தார்? அவரையும் எதிர்ப்பாளர் வரிசையில் சேர்த்தால் என்ன?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரே வரியில் முடித்தது தப்புதான். ஆனால் சயனைடை வைத்து அவரை எடைபோட மாட்டேன்.

1943-இல் ரஷ்ய முனையில் மத்தியப் படைத்தொகுதியின் தளபதி அவர். அவருக்குக் கீழே வேலை பார்த்த அதிகாரி ட்ரெஸ்கோ, ஹிட்லருக்கு எதிரான சதியில் சேரச் சொல்லி அவரைக் கரைத்துக்கொண்டே இருந்தார். காலையில் கரைவார், மாலையில் இறுகிவிடுவார். அந்த மார்ச் 13 அன்று ஹிட்லர் ஸ்மோலென்ஸ்க் வந்தபோது, சாப்பாட்டு மேசையிலேயே சுட்டுவிடலாம் என்று ஒரு யோசனை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவனைச் சுடுவது முறையல்ல என்று க்ளூகே தடுத்துவிட்டார். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் அறுபதாம் பிறந்தநாளுக்கு ஹிட்லரிடமிருந்து 2,50,000 மார்க் வாங்கியிருந்தார். இத்தனை தெரிந்தும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வாய்மூடலுக்கு நான் மதிப்பெண் போடுவேன். ட்ரெஸ்கோ இன்னும் ஒரு வருடம் வேலை செய்ய முடிந்தது அதனால்தான்.

(ஜெர்மனில் 'க்ளூக்' என்றால் கெட்டிக்காரன். கணக்குப் போடும் குதிரை என்று பெர்லினில் பேர்போன 'கெட்டிக்கார ஹான்ஸ்' பெயரைத்தான் அவருக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தார்கள்.)

1944 ஜூலை 20 இரவு, பிரான்ஸில் ஸேன் நதிக்கரையில் லா ரோஷ் கியோன் மாளிகை. க்ளூகே இப்போது மேற்கு முனையின் தளபதி. பிரான்ஸின் ஜெர்மன் ராணுவத் தளபதியும் சதிகாரர்களில் ஒருவருமான ஸ்டுல்ப்நாகல், க்ளூகேயைச் சதியில் சேர்த்துக்கொள்ள வந்திருக்கிறார். ஹிட்லர் பிழைத்துவிட்டான் என்பது க்ளூகேவுக்கு அதற்குள் தெரியும். முயற்சி தோற்றுவிட்டது என்று சொல்லி, எல்லோரையும் சாப்பிட அழைக்கிறார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், இழவு வீடு மாதிரி, யாரும் பேசாமல் சாப்பிடுகிறார்கள். பாரிஸில் ஹிட்லரின் விசுவாசப் படையான எஸ்.எஸ்.ஸின் ஆட்கள் சுமார் 1,200 பேரைப் பிடித்து அடைக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்று ஸ்டுல்ப்நாகல் சொன்னதும் க்ளூகே அதிர்ந்துபோகிறார். உடனே விடச் சொல்கிறார். பதவியிலிருந்தும் நீக்குகிறார். அப்புறம் வழியனுப்பும்போது, சாதாரண உடை மாட்டிக்கொண்டு எங்காவது மறைந்துவிடுங்கள் என்கிறார்.

எனக்கு முக்கியமானது இந்தக் கடைசிப் பேச்சுதான். ஆளைக் காப்பாற்றும் ஆசை இருக்கிறது, கூட நிற்கும் துணிவு இல்லை. ஹிட்லர் செத்தால் வருகிறேன் என்பதுதான் ஆரம்பத்திலிருந்தே அவருடைய நிபந்தனை. 1934 முதல் சிப்பாய்கள் சத்தியம் செய்தது நாட்டுக்கல்ல, அந்த ஒரு ஆளுக்கு. அவன் போனால் சத்தியமும் கழன்றுவிடும். கழற்றிவிடும் வேலையை வேறு யாராவது செய்யவேண்டும், அவ்வளவே.

ஸ்டுல்ப்நாகல் மறையவில்லை. ஆகஸ்ட் 30 அன்று தூக்கிலிட்டார்கள். க்ளூகேயையும் சந்தேகம் சுற்றிக்கொண்டது. ஆகஸ்ட் 17 அன்று பதவி போனது. மறுநாள் ஹிட்லருக்குக் கடிதம் எழுதினார். புதிய ஆயுதங்கள் பலிக்காவிட்டால் போரை நிறுத்திவிடுங்கள் என்று அதில் கேட்டிருக்கிறார். உங்கள் மகத்துவத்தை என்றும் வியந்தே வந்திருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறார். நீங்கள் சொல்லும் சயனைடு அதற்கும் மறுநாள்.