பேரன் தலையில் வீக்கம்: உருவிவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 10 நாட்களுக்கு முன் வேக்குவம் (குழந்தையின் தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் கருவி) வைத்துப் பிரசவம் ஆனது. பேரனுக்குத் தலையின் வலப்பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம் இருக்கிறது. பிறந்தபோது இல்லை, மறுநாள்தான் கவனித்தோம். எண்ணெய் போட்டு உருவினால் கரைந்துவிடும் என்கிறார் சம்பந்தியம்மா. ஊசியால் எடுத்துவிடலாமா? மூளையைப் பாதிக்குமா?

பதில்: அம்மா, உருவுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

‘மறுநாள்தான் கவனித்தோம்’ என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. பிறந்தவுடனே தலை நீண்டு, மாவுபோல் மெத்தென்று வீங்கியிருந்தால் அது வெறும் நீர். இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும். உங்கள் பேரனுக்கு இருப்பது பெரும்பாலும் செஃபலோஹெமடோமா. மண்டை ஓட்டு எலும்புக்கும் அதன் மேலுள்ள சவ்வுக்கும் நடுவில் ரத்தம் மெதுவாகக் கசிந்து சேர்வதால், தெரியவே ஒரு நாள் ஆகிவிடுகிறது. ஓர் எலும்பின் எல்லையைத் தாண்டாது. அதனால்தான் ஒரே பக்கம் புடைத்து நிற்கிறது. எலும்புக்கு வெளியே இருப்பதால் மூளையை அழுத்தாது.

ஊசி வேண்டவே வேண்டாம். மூடிய இடத்தில் இருக்கும் ரத்தத்தில் ஊசி குத்துவது கிருமிக்கு வாசல் திறந்துவிடுவதுதான். தானாகக் கரையச் சில வாரங்கள் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட. இடையில் விளிம்பு தட்டின் ஓரம்போல் கெட்டியாகி, நடுப்பகுதி பள்ளமாகத் தட்டுப்படும். எலும்பு உள்ளே போய்விட்டது என்று பயந்து ஓடி வருபவர்கள் உண்டு. அது ஆறுகிற அறிகுறிதான்.

வீக்கத்தைவிட எனக்குக் கவலை மஞ்சள் காமாலை. தேங்கிய ரத்தம் உடைந்து கரையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கூடும். டியூப் லைட்டில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பகல் வெளிச்சத்தில் நெஞ்சில் விரலால் லேசாக அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தால், காலை வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் அன்றே ரத்தம் பரிசோதியுங்கள். உள்ளங்கால் வரை மஞ்சளாக இருந்தால் தாமதமே கூடாது. பிலிருபின் அளவு மிக அதிகமானால் அது மூளையைத் தாக்கும். நீல விளக்கில் வைத்தால் குறைந்துவிடும், விட்டுவிட்டால்தான் ஆபத்து.

பால் குடிக்காமல் துவண்டு தூங்கினாலோ, உடல் வெளிறினாலோ, காய்ச்சல், வலிப்பு வந்தாலோ இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வீக்கம் சிவந்து சூடானாலும், காதுப் பக்கமோ கழுத்துப் பக்கமோ பரவினாலும் அப்படித்தான். பிறந்ததும், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள்; போடவில்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். எப்படியும் இந்த வாரமே ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம், அழுத்தித் தேய்க்க வேண்டாம். எண்ணெய் தடவியே ஆக வேண்டும் என்றால் பேரனுக்குக் கையும் காலும் இருக்கின்றன, சம்பந்தியம்மா அங்கே லேசாகத் தடவட்டும்.