அந்தக் காலை எங்கே போனது?

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. போன மார்கழியில் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர், "இன்னிக்கு என்ன கிழமை? நான் குளிச்சாச்சா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தார். என்னையும் பிள்ளைகளையும் நன்றாகத் தெரிந்தது. மத்தியானம் தெளிந்துவிட்டார். அன்றே எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமில்லை. பக்கவாதம் வருமோ? வல்லாரை மாத்திரை கொடுக்கலாமா?
வாசகி, மயிலாப்பூர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பது 'டிரான்சியன்ட் குளோபல் அம்னீசியா'வுக்கு (சில மணி நேரம் வந்து போகும் தற்காலிக மறதிக்கு) அப்படியே பொருந்துகிறது. 50 முதல் 70 வயதுக்காரர்களுக்குத்தான் அதிகம். பெரும்பாலும் 4 - 6 மணி நேரம் இருக்கும், 24 மணி நேரத்தைத் தாண்டாது. குளிர்ந்த நீர், பாரம் தூக்குவது, திடீர் அதிர்ச்சி இதைக் கிளப்பிவிடுவதுண்டு. மைக்ரேன் உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

காதுக்கு உட்புறமாக, மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் இருக்கிறது. புதிதாக நடப்பதைப் பதிவு செய்வது அதன் வேலை. உங்கள் பெயர் போன்ற பழைய நினைவுகள் மூளையின் மேற்புறணியில் ஏற்கெனவே பரவி ஊன்றிவிட்டவை, அவற்றுக்கு ஆபத்தில்லை. அன்று ஹிப்போகேம்பஸ் சற்று நேரம் வேலை செய்யாததால் நீங்கள் சொன்ன பதில்தான் பதியவில்லை, அதனால் அதே கேள்வி மறுபடி வந்தது. அந்தக் காலைப்பொழுது அழிந்துபோகவில்லை; எழுதப்படவே இல்லை. இனியும் திரும்பாது, தேட வேண்டாம்.

ஸ்கேனில் தெரியாததும் வியப்பில்லை. ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதியில் (சி.ஏ.1 என்பார்கள்) 1 முதல் 5 மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகள், திசுக்களில் நீரின் அசைவைக் காட்டும் 'டிஃப்யூஷன்' வகை எம்.ஆர்.ஐ.யில், இரண்டு மூன்று நாள் கழித்தே நன்றாகத் தெரியும். சில வாரத்தில் மறைந்தும்விடும்.

இதனால் பக்கவாத வாய்ப்பு கூடுவதில்லை. ஆனால் இப்படி மறதி வந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து "இது அதுதான்" என்று முடிவு கட்டக் கூடாது. வாய் கோணுகிறதா, இரு கையையும் தூக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று பாருங்கள். ரத்தச் சர்க்கரை குறைந்தாலும் குழப்பம் வரும்; குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால், விழுங்க முடிகிறவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். எப்படி இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குச் சரியாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதமாக இருந்தால், ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அதிலிருந்து 4.5 மணி நேரம்தான் கெடு. தூக்க மாத்திரை சாப்பிடுபவரானால் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள், சில தூக்க மாத்திரைகளும் இப்படி மறக்கச் செய்யும். நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்.

வல்லாரையைத் துவையலாக அரைத்துப் போடுங்கள், ருசிக்காக! இந்த மறதிக்கு மருந்தே கிடையாது, தேவையும் இல்லை.

பெரும்பாலோருக்கு இது மறுபடி வருவதில்லை. தூங்கி எழுந்ததும், ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக, அடிக்கடி வந்தால் அது வலிப்பு வகை மறதியாக இருக்கலாம். அப்போது இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.