மலச்சிக்கல் இருக்கட்டும், அந்த வலியைச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் சேல்ஸ் வேலை. எடை குறைய இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்து 8 மாதம் ஆகிறது. 112 கிலோ இருந்தேன், இப்போது 78. ஆனால் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் மலம் போகிறது, அதுவும் கறுப்பாக, இறுகி. முடி கொட்டுகிறது. வாயு நாற்றம் தாங்கவில்லை. நாட்டு மருந்துக் கடையில் நிலவாகைப் பொடி வாங்கிச் சாப்பிடுகிறேன். போன மாதம் இரண்டு தடவை, சாப்பிட்ட பிறகு மேல்வயிறு சுருட்டிப் பிடித்து முதுகு வரை வலித்தது. ஓம வாட்டர் குடித்தேன், ஒரு மணி நேரத்தில் விட்டுவிட்டது. பைபாஸ் செய்தால் குடல் செத்துவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். மறுபடியும் வயிற்றைத் திறப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் குடல் சாகவில்லை. அந்த வீடியோவை இனி பார்க்க வேண்டாம். முடி, எடை வேகமாக இறங்கும்போது பலருக்கும் கொட்டும். புரதமும் இரும்புச் சத்தும் குறையாமல் இருந்தால் மறுபடி வளரும். வாயு நாற்றத்துக்காக யாரும் ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை.

ஆனால் கடிதத்தின் நடுவில், ஏதோ பக்கத்து வீட்டுச் சமாச்சாரம் போல ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, சாப்பிட்ட பிறகு சுருட்டிப் பிடித்த வலி, அதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.

இரைப்பை பைபாஸில் இரைப்பையைச் சின்னதாக்கி, சிறுகுடலை வெட்டி, மேலே கொண்டுவந்து, வேறு இடத்தில் இணைக்கிறோம். குடலைத் தாங்கும் சவ்வில் அதனால் இடைவெளிகள் உண்டாகும். ஆபரேஷனின்போதே தைத்து மூடினாலும், எடை குறையக் குறைய அந்தச் சவ்வில் இருக்கும் கொழுப்பும் கரைகிறது. மூடிய இடம் மறுபடி விட்டுக்கொடுக்கலாம். 34 கிலோ குறைந்திருக்கிறீர்கள், உள்ளேயும் குறைந்திருக்கும். அந்தச் சந்துக்குள் குடல் நுழைந்து, தானாகவே வெளியே வந்துவிடுவதும் உண்டு. நுழையும்போது வலி, வெளியே வந்ததும் ஒன்றுமில்லை. ஓம வாட்டருக்கு நல்ல பெயர். ஒருநாள் வெளியே வராமல் முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று, குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும்.

உங்களுக்கு இருப்பது அதுதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது. பித்தப்பைக் கல்லாகவும் இருக்கலாம், எடை வேகமாகக் குறைந்தவர்களுக்கு அதுவும் வரும். ஆனால் இரண்டையும் வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. இந்த வாரமே ஆபரேஷன் செய்த சர்ஜனைப் போய்ப் பாருங்கள். அந்த வலி மறுபடி வந்து விடாமல் பிடித்தாலோ, கூடவே வாந்தி வந்தாலோ, வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாமல் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவரிடம் போக நேரமில்லை என்றால் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. 'காலையில் மலம் போனதே, அடைப்பு எப்படி இருக்கும்' என்று வீட்டில் சொல்வார்கள். அடைப்புக்குக் கீழே இருந்தது போயிருக்கும், அவ்வளவுதான். சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், சி.டி. ஸ்கேன் தேவைப்படும், சில சமயம் சிறு துளை வழியே கேமரா விட்டு (லேப்ராஸ்கோப்பி) பார்த்தால்தான் தெரியும். அப்புறம் ஒன்று: டியூட்டி டாக்டரிடம் வெறுமனே 'பைபாஸ் ஆகியிருக்கு' என்றால் இதய ஆபரேஷன் என்று நினைத்து ஈ.சி.ஜி. எடுக்க ஆரம்பிப்பார்கள். 'எடை குறைக்க இரைப்பை பைபாஸ், குடலை மாற்றி இணைத்திருக்கிறார்கள்' என்று முழுதாகச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை செல்போனில் படம் எடுத்து வைத்திருங்கள்.

மறுபடி ஆபரேஷனா என்று பயப்படுகிறீர்கள். நேரத்தோடு போனால் சிறு துளைகள் போட்டுக் குடலை விடுவித்து, அந்த இடைவெளியைத் தைத்துவிடலாம். தள்ளிப்போட்டு வருபவர்களுக்குத்தான் வயிற்றைத் திறந்து, குடலையும் வெட்டியெடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, மலச்சிக்கலுக்கு வருவோம். நிலவாகையை இன்றே நிறுத்துங்கள். அது குடலை அடித்து விரட்டும் மருந்து. உள்ளே குடல் சிக்கியிருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்போது இது வேறா? இசப்கோலையும் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். தண்ணீர் போதாமல் சாப்பிட்டால் கெட்டிப்பட்டு அதுவே அடைத்துக்கொள்ளும். மலத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பவுடர் மருந்துகள் இருக்கின்றன. வயிற்றைப் பார்த்த பிறகு டாக்டர் தரட்டும்.

உண்மையான காரணம் கடையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் கடைத் தெருவில் வேலை செய்யும் பெண்கள் என்னிடம் வரும்போது எத்தனை டம்ளர் தண்ணீர் என்று கேட்பேன். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணுமே டாக்டர்" என்பார்கள். கடையில் கழிப்பறை இருக்காது, இருந்தால் சாவி முதலாளியிடம் இருக்கும். ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். நாற்காலியை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு சொம்பைக் கவிழ்த்துச் சரிக்கட்டலாம். உங்கள் சின்ன இரைப்பைக்கு அது முடியாது. நாள் முழுக்க வாய் வாயாகத்தான் போக வேண்டும், குறைந்தது ஒன்றரை லிட்டர். கிளம்புவதற்குள் அரை லிட்டர், கடையில் அரை, திரும்பியதும் அரை. சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம், அரை மணி நேரம் கழித்து. முட்டையும் புரதப் பவுடரும் மட்டுமே உணவாகாது. கீரை மசியல், சுரைக்காய், பீர்க்கங்காய் இரண்டு கரண்டி சேருங்கள். தண்ணீர் சரியானபின் மூன்று நாளைக்கு ஒரு முறை, முக்காமல், மிருதுவாகப் போனால் அது மலச்சிக்கலே இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால், கறுப்பு நிறம் பெரும்பாலும் அதனால்தான். அதை நிறுத்தாதீர்கள், கால்சியத்துக்கும் அதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள். தார் போலப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் அது ரத்தமாக இருக்கலாம், தலைச்சுற்றல் இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் போங்கள்.

நாளெல்லாம் நிற்கிற வேலை. கால் வலிக்கு மெடிக்கலில் ஏதாவது மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? எழுதவில்லை. போடுகிறீர்கள் என்றால் சர்ஜனிடம் அந்த அட்டையையும் காட்டுங்கள். பல வலி மாத்திரைகள் இரைப்பையும் குடலும் சேரும் இடத்தில் புண்ணாக்கும்.