உதகைப் பூங்காவின் பனிக்காலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஊட்டி போயிருந்தோம். தாவரவியல் பூங்காவைப் படமெடுக்க ஆசையாகக் கேமராவுடன் போனேன். ஏமாற்றம்தான். பூக்களே அதிகமில்லை. பாத்திகளை ஏதோ காய்ந்த செடிகளைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். முந்தின நாள் விடிகாலையில் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைகுந்தாவில் எடுத்த உறைபனிப் படங்களும் சாம்பல் நிறமாக வந்திருக்கின்றன. மே மாத மலர்க் கண்காட்சிக்குப் போவதுதான் சரியா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

மே மாதத்தில் பூக்களை எடுக்கலாம். பூங்காவை எடுக்கப் பனிக்காலம்தான். 1848ல் தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் பொறுப்பேற்று தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் உருவாக்கத் தொடங்கிய அந்த 55 ஏக்கருக்கு மரங்கள்தான் உயிர். பூக்கள் ஒதுங்கும் இந்த மாதங்களில் கண் தானாக அவற்றின் மேல் போகும். டிசம்பரில் நண்பகலில்கூடச் சூரியன் உச்சிக்கு வராமல் தெற்கே சாய்ந்தே போகிறது. அந்தச் சாய்வெளிச்சத்தில் சைப்ரஸ் பட்டையின் வெடிப்புகள் ஒவ்வொன்றும் தெரியும். குரங்கு ஏற முடியாத மரம் என்று காட்டுவார்களே, அதன் கூரிய இலையடுக்குகளைக் கோடை உச்சிவெயிலில் எடுத்துப் பாருங்கள், தட்டையாக இருக்கும்.

இனி உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடுகிறது. காற்றின் வெப்பநிலை 2, 3 டிகிரி இருக்கும்போதே புல்நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிவிடும். அடர்ந்த மரத்தடியில் அப்படி நடக்காது. கிளைகள் சூட்டைத் தடுத்துத் தரைக்கே திருப்பித் தருகின்றன. அதனால் சுற்றிலும் புல் வெளுத்துக் கிடக்க, மரத்தடி மட்டும் பச்சையாக இருக்கும். சற்று மேட்டில் ஏறி நின்று அதை எடுங்கள். இந்தப் பருவத்தை ஒரே படத்தில் சொல்ல இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது.

அடுத்து, முழங்காலிட்டு ஒரே ஒரு இலையைப் பாருங்கள். பனி முதலில் பிடிப்பது இலையின் ஓரத்திலும் அதன் மெல்லிய ரோமங்களிலும்தான். ஊசி ஊசியாக விளிம்பு முழுக்க நிற்கும், நடுவில் இலையின் நிறம் அப்படியே இருக்கும். மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் இருந்தால் அதன் திறப்பை (அப்பர்ச்சர்) எஃப் 8 வரை சுருக்கி வையுங்கள். வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வரட்டும், பின்னணியில் நிழல் விழுந்த புதர் இருக்கட்டும். தொட்டபெட்டா கிழக்கே நிற்பதால் வெயில் மெதுவாகத்தான் இறங்கிவரும். நிழல் விலகும் கோட்டோடு நீங்களும் நகர்ந்தால் போதும். ஆனால் உறைந்த புல்லில் மட்டும் காலை வைக்காதீர்கள். விறைத்த புல் மிதிபட்டால் அதன் செல்கள் உடைந்து, கால்தடம் பழுப்பாக நாள்கணக்கில் நிற்கும். ஒரு படத்துக்காக அதைச் செய்யக்கூடாது.

உங்கள் படங்கள் சாம்பலாக வந்ததற்குக் காரணம் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர். வெண்மையைப் பார்த்ததும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது வெளிச்சத்தை இரு மடங்காக்குங்கள். கேமரா தன் திருத்தங்களைச் செய்யாமல் சேமிக்கும் ‘ரா’ கோப்பாக எடுத்தால் நிழலிலிருக்கும் நீலத்தைப் பிறகு வேண்டிய அளவு குறைக்கலாம். முழுக்க எடுத்துவிடாதீர்கள், குளிர் தெரிவதே அந்த நீலத்தில்தான்.

பாத்திகளை மூடியிருந்தது கோத்தகிரி மிலார் என்னும் செடி. செடியின் சூடு வானத்துக்குப் போகாமல் அது தடுக்கிறது, பனியும் அதன் மேலேயே விழுந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் நாற்று பிழைக்கிறது. நீங்கள் மே மாதம் பார்க்க விரும்பும் பூங்காவை இந்த உழைப்புதான் காப்பாற்றி வைக்கிறது. புல்வெளி கருகாமலிருக்க விடிந்ததும் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கும் தொழிலாளர்களும் அங்கே இருப்பார்கள். கேட்டுவிட்டு அவர்களை எடுங்கள். விறைத்த விரல்களோடு மிலாரைப் பரப்பும் கைகளின் படம் ஒன்றாவது உங்கள் தொகுப்பில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஜனவரியில் இன்னொரு முறை போய்வாருங்கள். முந்தின நாள் மாலை வானம் தெளிவாக இருந்தால் மட்டும் அலாரம் வையுங்கள். மேகம் மூடியிருந்தால் உறைபனி விழாது, நிம்மதியாகத் தூங்கலாம். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், உபரி ஒன்றைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்பியதும் கேமராவைப் பையிலிருந்து உடனே எடுக்க வேண்டாம், லென்ஸில் ஈரம் படியும்.