இங்கிலாந்தின் வடக்கே பேசும் ஆங்கிலம் நமக்கு ஏன் பிடிபடுவதில்லை?

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள லீட்ஸ் நகரத்தில் நான்கு வருடம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் சொல்கிறேன். உச்சரிப்பு இரண்டு மாதத்தில் காதுக்குப் பழகிவிடும். தெரியாத சொல்லும் தொல்லை இல்லை. 'நௌட்' என்றால் ஒன்றுமில்லை, 'கின்னல்' என்றால் சந்து, கேட்டால் சொல்லிவிடுவார்கள். நம்மைக் கவிழ்ப்பவை ஏற்கெனவே தெரிந்த சொற்கள்தான்.

போன புதிதில் சமையலறைக் குழாய் ஒழுகியது. பிளம்பரைக் கூப்பிட்டால், "ஐல் நாட் பி தேர் வைல் ஃபோர்" என்றார். நாலு மணிக்கு வர முடியாது, அதற்கு முன்பே வருகிறார் போல என்று நினைத்து அரை நாள் லீவு போட்டுவிட்டு, வாளியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரியாக நாலு மணிக்குக் கதவைத் தட்டினார். யார்க்‌ஷயரில் 'வைல்' என்றால் 'வரைக்கும்'. நாலு மணி வரைக்கும் வர மாட்டேன் என்று மனிதர் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார்! வேலை நேரத்தையே 'நைன் வைல் ஃபைவ்' என்பார்கள்.

அடுத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. ஒரு ஜனவரி மாலை வாசலில் நின்று "ஐம் ஸ்டார்வ்ட்" என்றார். பாவம், பசி போல என்று உப்புமாவைச் சூடாக்கி எடுத்துப் போனேன். அவருக்கோ குளிர்! 'ஸ்டார்வ்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'சாவது' என்றுதான் பொருள். தெற்கே அது பசியால் சாவதாகச் சுருங்கியது, வடக்கே குளிரில் விறைப்பதாகவும் நின்றுவிட்டது. உப்புமாவை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார் என்பது தனிக்கதை.

லீட்ஸின் பிரதான கடைத்தெரு பிரிகேட். அங்கே எந்த 'கேட்'டையும் தேடாதீர்கள். 866-இல் பக்கத்து யார்க் நகரைப் பிடித்த வைக்கிங்குகளின் (ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த படையெடுப்பாளர்கள்) மொழியில் 'காட்டா' என்றால் தெரு. 'பிரிக்' என்றால் பாலம். ஏர் ஆற்றுப் பாலத்துக்குப் போகும் தெரு, அவ்வளவுதான். விளையாடுவதற்கு அங்குள்ள பெரியவர்கள் சொல்லும் 'லேக்' என்பதும் வைக்கிங்குகள் விட்டுப்போனதே. மில்லில் வேலையில்லாமல் சும்மா இருப்பதற்கும் அதே சொல்தான்.

நமக்குச் சட்டென்று ஒட்டுவது 'தா' (tha). பழைய ஆங்கிலத்தின் 'தௌ' (thou) தான் இப்படி ஆனது. நம் 'நீ' மாதிரி. மற்ற பெரும்பாலான இடங்களில் 'தௌ' பேச்சிலிருந்து போயே போய்விட்டது. இங்கே கிழவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது. மரியாதை இல்லாமல் 'தா' போட்ட பையனை, "என்னையே தா போடுகிறாயா?" என்று அதட்டும் சொலவடையும் உண்டு. நம் ஊர்ப் பெரியவர் "நீ, வா, போ எல்லாம் என்கிட்ட வேணாம்" என்பாரே, அதேதான்.

அந்த பிளம்பர் கிளம்பும்போது என்னிடம் "தேங்க்ஸ், லவ்" என்றார். எனக்குப் பெரிய மீசை உண்டு.